நூற்றைம்பது வயது மூவேந்தவேளான்

ஆய்வுத் துறைக்கு நான் வந்த காலத்தில் என் வேலைக்கு ‘அட்டை எழுதுவது’ என்று பெயர். இப்போது ஏறக்குறைய அதே வேலைக்கு என்னை ‘டொமைன் எக்ஸ்பர்ட்’ என்று அழைக்கிறார்கள். அன்று மாதச் சம்பளம் தந்தார்கள். இன்று பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடை வீட்டில் நிறையச் சேர்ந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் நெறியாளர் ஐயா சோழர் கால அதிகாரிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி அவருடையது, கை என்னுடையது. கல்வெட்டுத் தொகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். ஆள்பெயர் தட்டுப்பட்டால் நிறுத்தி, அரசன், ஆட்சியாண்டு, ஊர், நாடு, பெயர், பட்டம், தொகுதி எண், கல்வெட்டு எண் என்று ஓர் அட்டையில் எழுதுவேன். கடையில் விற்கும் கோடு போட்ட அட்டை வாங்கத் துறையில் பணம் இல்லை. ஐயா வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிப் பின்பக்கத்தில் எழுதினோம். ஒரு பக்கம் மூவேந்தவேளான், மறுபக்கம் திருவளர்ச்செல்வன். ஆவணியில் முகூர்த்தம் அதிகம். ஆராய்ச்சியும் வேகம் பிடிக்கும். மார்கழியில் சோழர் நிர்வாகம் சற்றுத் தொய்வடையும்.

அட்டைகளை பிஸ்கட் டின்களில் அகர வரிசைப்படி அடுக்குவது ஐயா வீட்டு அம்மாவின் வேலை. இரவு அடுக்களையைக் கழுவிவிட்டு உட்காருவார். ஒரே ஆள் இரண்டு அட்டையில் வந்திருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார். “இந்தாம்மா, இவனும் அவனும் ஒருத்தன்தான். அப்பன் பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு, ராஜா கொடுத்த பட்டம் மட்டும் பின்னாடி வந்திருக்கு” என்று இரண்டையும் சேர்த்து நூலால் கட்டிவிடுவார். பின்னால் வந்த ஐயாவின் நூலில், முன்னுரையின் கடைசி வரியில் ‘என் துணைவியாருக்கும் நன்றி’ என்று இருந்தது. பெயர் இல்லை. அதற்கு முந்தைய வரியில் ‘அட்டைகள் தயாரிக்க உதவியோருக்கும்’ என்று இருந்தது. அது நான்.

தமிழ்த் துறையில் அப்போது நயம் பேசுவோருக்கே மரியாதை. கீழ்த்தளத்தில் ஒரு பாட்டை எடுத்து ஒரு மணி நேரம் உருக்குவார்கள். மாடியில் நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம். தேநீர் வேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, சோழன் குடிமக்களுக்கெல்லாம் ரேஷன் கார்டு போடுறியா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஐயாவும் சிரிப்பார். எண்ணுவது குமாஸ்தா வேலை என்பதில் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

அந்தப் பேராசிரியருடைய மாணவரின் மாணவர் இப்போது இலக்கியமும் தரவு அறிவியலும் பற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்துகிறார். வாசலில் வைத்த பதாகையில் திருவள்ளுவர் படம், பக்கத்தில் வட்ட வரைபடம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘முன்னோடி’ என்று போட்டிருந்தார்கள். எதில் முன்னோடி என்று கேட்டேன். “எண்ணுனதுலதான் மேடம்” என்றார்கள்.

எங்கள் உலகத்தில் கல்வெட்டுக்கு முகவரி ஓர் எண். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன. ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வந்தது. படியெடுத்த ஆண்டையும் வரிசை எண்ணையும் சொன்னால் ஆராய்ச்சியாளர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள். பக்கத்தில் இருக்கும் மனைவி மக்களுக்கு ஒன்றும் புரியாது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் சில வரி ஆங்கிலச் சுருக்கம்தான் இருக்கும். முழு வாசகம் தொகுதியில் அச்சாகியிருந்தால் நம் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அப்போதெல்லாம் மைசூருக்குப் போய் மசிப்படியைப் பார்க்க வேண்டியிருந்தது, அல்லது ஊருக்கே போய்ச் சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது. படியெடுத்தவற்றில் பெரும்பகுதி அச்சேறாமலே இருந்ததால் சுவரைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைத்தது.

மசிப்படி எடுப்பது உடம்பு நோகும் வேலை. எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் சுரண்டிக் கல்லைக் கழுவ வேண்டும். நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு மைப்பொதியால் ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழும். காற்று அடித்தால் தாள் பறக்கும். வெயில் அடித்தால் ஓரம் சுருளும். இரண்டும் இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் வருவார்கள். ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவர் பொழுது முழுக்க எங்கள் பின்னாலேயே நின்றார். மாலையில் மெல்லக் கேட்டார்: “அந்த வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற நெலம் யாருதுன்னு போட்டிருக்கா? கோர்ட்டுல கேஸு நடக்குது.” கல்வெட்டில் வாய்க்கால் இருந்தது, எல்லையும் இருந்தது. நிலம் சாமிக்குப் போயிருந்தது. சொன்னேன். அவர் அதோடு எங்களுக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது நல்ல கேமரா உள்ள செல்பேசியோடு சுவரைச் சுற்றி வந்தால் முப்பரிமாண உருவம் கிடைக்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்தால் கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தும் திரையில் மேலே வருகிறது. கல்லில் மை படுவதில்லை, நம் புடவையிலும் படுவதில்லை. இதில் எனக்குக் குறையே கிடையாது. ஆள்பெயர்ப் பட்டியலை இணையத்தில் வைத்த பிறகு, கோர்ட்டுக் கேஸ்காரர்களுக்குப் பதில் சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள். “மேடம், மூவேந்தவேளான் எங்க ஆளுகதானே? ஒரு சர்டிபிகேட் மாதிரி எழுதித் தர முடியுமா?” ஒரே வாரத்தில் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு சங்கங்கள் கேட்டன. தரவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை அன்றுதான் முழுமையாக நிறைவேறியது.

கணினியும் கல்வெட்டும் நேற்றுத்தான் அறிமுகமாயின என்று, நான் இப்போது இருக்கும் கல்வெட்டுத் தரவுத் திட்டத்தின் கூட்டங்களில் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தாலிய ஏசு சபைப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா 1949இல் ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைப் போய்ப் பார்த்தார். தாமஸ் அக்குவினாஸ் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் அடைவு செய்ய இயந்திரம் வேண்டும் என்றார். ஏறக்குறைய ஒரு கோடிச் சொற்கள். அச்சில் 56 தொகுதிகளாக வந்து முடிய 1980 ஆயிற்று. துளை அட்டைகளில் அந்தச் சொற்களைக் குத்தியவர்கள் அவர் நடத்திய மையத்தில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். மின்னணு மனிதவியலின் தந்தை என்று பூசாவைச் சொல்வார்கள். தாய்மார்களைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் கிளம்பியது மிகப் பின்னால்தான்.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஐராவதம் மகாதேவன் எழுபதுகளின் தொடக்கத்திலேயே சிந்து முத்திரைக் குறிகளுக்கு எண் கொடுத்து, பம்பாய் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கணினியில் ஏற்றி, எந்தக் குறி எதற்கு அடுத்து வருகிறது என்று அடைவு எடுத்தார். 417 குறிகளின் பட்டியலோடு அந்த நூல் 1977இல் வந்தது. மறு ஆண்டே நொபொரு கரஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள்பெயர்களுக்கு மூன்று தொகுதி அடைவு வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெயரையும் ஊர், பட்டம், காலம் என்று கூறுகூறாகப் பிரித்துக் கணினியில் கொடுத்த வேலை. அச்சானது மதுரையில்.

அந்த மூன்று தொகுதியும் எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தபோது ஐயா சில நாள் யாரிடமும் பேசவில்லை. எங்கள் பிஸ்கட் டின்களில் இருந்ததில் பெரும்பகுதி அதில் அச்சாகியிருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, “நீ நிறுத்தாம எழுது. மிஷின் தப்புப் பண்ணியிருக்கும்” என்றார். தொகுதிகளைத் தம் பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் டின்களையும் அதற்குள்ளேயே பூட்டினார். யார் கேட்டாலும் சாவி வீட்டில் இருக்கும். இன்று ஆய்வுக் கட்டுரைகளின் முடிவில் ‘தரவு, கோரினால் வழங்கப்படும்’ என்று அச்சிடுகிறார்கள். கோரிப் பார்த்திருக்கிறேன். சாவி இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது.

எண்ணியவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் வரிப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பழைய நூல்கள் அவற்றை வரிசையாக அடுக்கி, குடிமக்கள் நசுங்கினார்கள் என்றோ நிர்வாகம் நுணுக்கமானது என்றோ முடிப்பது வழக்கம். கரஷிமாவும் பா. சீதாராமனும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை, எந்த மண்டலத்தில், எந்தக் காலத்தில் வருகிறது என்று எண்ணினார்கள். கடமை, அந்தராயம், வெட்டி, எச்சோறு போன்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன; பல பெயர்கள் எங்கோ ஓரிரு முறை தலைகாட்டிப் போயின. அவ்வளவு பெரிய பட்டியல் ஒரு சிறு கைப்பிடிக்குள் வந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு, பிராமணர் ஊரில் நிலம் தனித்தனி ஆள்களிடமும் வேளாளர் ஊரில் ஊராரிடம் பொதுவிலும் இருந்ததை அதே கரஷிமா 1966இலேயே காட்டியிருந்தார். சுப்பராயலு கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை நில அளவை வரைபடத்தில் தேடிக் குறித்து, சோழ நாட்டின் நாடுகள் எங்கெங்கே இருந்தன என்று 1973இல் படம் போட்டுவிட்டார். கையால் வைத்த புள்ளிகள். இன்று அவற்றைப் புவியியல் தகவல் அமைப்பு மென்பொருளில் ஏற்றினால் வண்ணம் வருகிறது, பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. எந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது என்ற தலைவலியை மட்டும் முன்பே ஒருவர் பட்டிருக்க வேண்டும்.

இடையில் ஓர் எழுத்துரு யுகம் வந்து போனது. அட்டைகளைக் கணினியில் ஏற்றலாம் என்று ஐயா ஓய்வு பெற்ற பிறகு துறை முடிவெடுத்தது. தட்டச்சு மையத்துக்கு ஓர் எழுத்துரு, அச்சகத்துக்கு வேறோர் எழுத்துரு, சிங்கப்பூரிலிருந்து வரும் நண்பரிடம் மூன்றாவது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் இராசேந்திர சோழன் கேள்விக்குறிகளும் நட்சத்திரங்களுமாக வருவார். எந்தக் குறியீட்டு முறை என்று சண்டை போட 1999இல் சென்னையில் மாநாடே நடந்தது. தாம், தாப் என்று இரண்டு முறைகளை அரசு ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இந்தக் குழப்பத்துக்கு நடுவில், சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு பழைய நூல்களைத் தட்டெழுத வைத்தார். சங்க நூல்களுக்குச் சொல்லடைவு செய்து இணையத்தில் வைத்த ப. பாண்டியராஜா கணிதப் பேராசிரியர். தமிழ்த் துறைகள் அப்போது நயம் பேசி முடித்திருக்கவில்லை.

இனி இன்றைய திட்டத்துக்கு வருகிறேன். தலைவர் பொறியியல் பேராசிரியர். நல்லவர், சுறுசுறுப்பானவர், எதையும் ‘ஸ்கேல்’ பண்ண வேண்டும் என்பார். முதல் கூட்டத்தில் படிவம் காட்டினார். ஆள்பெயருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். சோழ அதிகாரி இன்ன ஊர் உடையான், இன்னார் மகன், இன்னான் ஆன இன்ன மூவேந்தவேளான் என்று ஒரு வரி முழுக்கப் படுத்துக் கிடப்பவர். ஊரை முதல் பெயராக்கினால் அவர் கிராமமாகிவிடுவார். பட்டத்தைக் கடைசிப் பெயராக்கினால் எல்லாரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்தது ஆண்டு. கல்வெட்டில் பல நேரம் ‘கோப்பரகேசரி, இத்தனையாவது ஆண்டு’ என்று மட்டும் இருக்கும். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடியவர்கள். விசயாலயன் பரகேசரி, முதற் பராந்தகன் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. எழுத்தின் வடிவம், உடன் வரும் ஆள்கள், கோயிலின் வயது எல்லாம் பார்த்துத்தான் யார் என்று ஊகிக்க முடியும். சில நேரம் ஊகிக்கவும் முடியாது. படிவத்தின் கட்டம் ஒரே ஓர் எண்ணைத்தான் வாங்கும். காலியாக விட்டால் சிவப்பாகக் கோபிக்கும். “சராசரி எடுத்துக்கலாமா மேடம்?” என்றார் ஓர் இளைஞர். விசயாலயனுக்கும் பராந்தகனுக்கும் சராசரி எடுத்தால் ஆதித்தன் ஆட்சிக்குள் போய் விழும். ஆதித்தன் இராசகேசரி. கல்லில் ஐயமில்லாமல் இருந்த ஒரே செய்தியும் அதோடு பொய்யாகிவிடும். இதை விளக்கினேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். கட்டம் மாறவில்லை.

நிலத்தில் இறங்கினால் இன்னும் வேடிக்கை. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. அதைப் பின்னமாக 1/20 என்று தட்டினால் எக்செல் ஜனவரி என்று எழுதிவிடும். ஒரு பிரமதேயத்தின் நிலம் முழுக்க ஜனவரியாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். உயிரியல்காரர்கள் இதில் எங்களுக்கு மூத்தவர்கள். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எக்செலில் தேதி மாற்றத்தை அணைத்து வைக்க வழி வந்தது 2023இல். மனித மரபணுவே பணிந்த இடத்தில் ஒரு மா நிலம் என்ன செய்யும்?

வலைப்பின்னல் வரைபடம் வந்த நாள் எங்கள் திட்டத்தின் திருநாள். யார் யாரோடு எந்தக் கல்வெட்டில் வருகிறார்கள் என்று கோடு இழுத்த படம். நடுவில் கொழுத்த ஒரு வட்டம். அதிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள். “சோழப் பேரரசின் மறைக்கப்பட்ட அதிகார மையத்தைக் கண்டுபிடிச்சிருக்கோம்” என்றார் தலைவர். பெயர் செம்பியன் மூவேந்தவேளான். பல நாடுகளில் நிலம் கொடுத்திருக்கிறார், ஓலை எழுதியிருக்கிறார், விளக்கு வைத்திருக்கிறார். ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் நூற்றைம்பது வயதுக்கு மேல் திடமாகப் பணியாற்றியிருக்கிறார். அது அரசன் கொடுக்கும் பட்டம், தலைமுறை தலைமுறையாகப் பலர் தாங்கியது என்று சொன்னேன். அறையில் சிறு வருத்தம் பரவியது. கட்டுரை அதற்குள் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தது. ‘மேலும் ஆய்வு தேவை’ என்ற வரி சேர்க்கப்பட்டது.

அவருக்குப் போட்டியாக இன்னொருவரும் இருந்தார்: உடையார். அரசனும் உடையார், கோயிலில் இருக்கும் சிவனும் உடையார், ஊரில் காணி உள்ளவரும் உடையார். இயந்திரம் மூவரையும் ஒருவராக்கி, தனக்குத் தானே நிலம் தானம் செய்துகொண்ட ஒருவரைப் படைத்திருந்தது. தத்துவ ரீதியாக அதில் தவறில்லை என்று சைவ சித்தாந்தம் படித்த நண்பர் சொன்னார்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பீர்கள். உடைந்த கல்லில் விட்டுப்போன எழுத்தை நிரப்ப, கிரேக்கக் கல்வெட்டுகளுக்காக டீப்மைண்ட் செய்த ‘இத்தாகா’ 2022இல் நேச்சர் இதழில் வந்தது. வரலாற்றாசிரியர்கள் தனியாக நிரப்பியபோது சரியானது நூற்றுக்கு 25, இயந்திரம் தனியாக 62, இயந்திரத்தின் துணையோடு வரலாற்றாசிரியர்கள் நிரப்பியபோது 72. நான் இந்த எண்களை மதிக்கிறேன். அது படித்துப் பழகிய கிரேக்க வாசகங்கள் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்கில் ஆள் வைத்து ஏற்றியவை என்பதையும் சேர்த்து மதிக்கிறேன். நம் கல்லுக்கு அப்படி ஒன்று வந்தால் தான வாசகத்தின் வழக்கமான தொடர்களை அருமையாக நிரப்பும். சந்திர சூரியர் உள்ளவரை என்று ஆயிரம் கல்லில் எழுதியிருக்கிறதே. கொடுத்தவன் பெயர் உடைந்திருந்தால் என்ன செய்யும்? அதிகமாக வரும் பெயரைப் போடும். செம்பியன் மூவேந்தவேளானுக்கு இன்னும் வயது கூடும்.

அதற்கு முன்னால் நம் வாசகங்களைக் கணினி படிக்க வேண்டும். தொகுதிகளில் பெரும்பாலானவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் இருக்கின்றன. கொம்பு போட்ட பழைய ணை, லை, சுழித்த றா, னா எல்லாம் எழுத்துணரி மென்பொருளைத் தடுக்கி விழ வைக்கும். கல்லிலோ பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படிக்கிறவர் யார் என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள ஒற்றுமை என் நெஞ்சில் தைக்கிறது. எங்கள் திட்டத்தில் அது ஒப்பந்த உதவியாளராக வந்த ஒரு பெண். கல்வெட்டியலில் பட்டயப் படிப்பு, கிரந்த எழுத்தும் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணி நீட்டிப்பு, அதுவும் பின்தேதியிட்டு வரும். மூலையில் ஒரு திரைக்கு முன்னால் நாள் முழுக்கத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருப்பாள். இவனும் அவனும் ஒருவனா? இந்த மங்கலம் எந்த மங்கலம்? இந்த உடையார் கோயிலுக்குள் இருக்கிறவரா, வெளியே நிற்கிறவரா? “மேடம், இந்த அப்பன் பேரும் அந்த அப்பன் பேரும் ஒண்ணா இருக்கு. சேர்த்துடவா?” என்று அவள் கேட்கும்போது ஐயா வீட்டு அம்மாவின் நூல்கண்டுதான் எனக்கு நினைவுக்கு வரும். நூற்றைம்பது வயது மூவேந்தவேளானை வெட்டி வேறு வேறு ஆள்களாகப் பிரித்தவள் அவள்தான். அந்தச் செயலுக்குத் திட்ட அறிக்கையில் ‘தரவுத் தூய்மை’ என்று தலைப்பு. பெருக்குகிறவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. கட்டுரையில் ஆறு ஆசிரியர்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவள் அதில் இல்லை. நான் இருந்தேன்; டொமைன் எக்ஸ்பர்ட் ஒருவர் இருந்தால் நல்லது என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தாராம்.

திட்டத்தின் நிறைவுக் கூட்டத்தில் என் பங்கு ஒரு சிற்றுரை. நிதி முடிந்த பிறகு இணையதளத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற தலைப்பில் யாருமே பேச முன்வராததால் எனக்குத் தந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றுச் சுவரில் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில் வெட்டுவித்த பட்டியலைப் பற்றிச் சொன்னேன். கோயிற்பணிக்கு அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பங்கு எவ்வளவு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பட்டியல் அதோடு நிற்கவில்லை. நட்டுவர், பாடுகிறவர், மேளக்காரர், சங்கு ஊதுகிறவர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று போகிறது. இவர்களில் யாராவது இறந்தாலோ வெளியூர் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையையும் பங்கையும் ஏற்க வேண்டும். உறவினருக்கு வேலை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். உறவினரே இல்லையென்றால் உடன் பணியாற்றுகிறவர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே நாமும் இரண்டு காரியம் செய்யலாம்: வரி வரியாகத் தீர்ப்புச் சொன்னவர்கள் பெயரைத் தரவுக்குள்ளேயே பதியலாம், அவர்களுக்குப் பின் யார் என்பதை எழுதி, அதற்கு நெல்லையும் ஒதுக்கலாம் என்று முடித்தேன்.

கைதட்டல் பலமாக இருந்தது. தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சூப்பர் மேடம்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே டேட்டாபேஸ்! அடுத்த புரொபோசலுக்கு இதுதான் முதல் ஸ்லைடு.”

“பேரு போடுற விஷயம்?”

“அதுக்கு மட்டும் ஸ்கீமாவுல எடமில்ல மேடம். இப்போ ஒரு காலம் சேர்த்தா டேஷ்போர்டே உடைஞ்சிடும்.”

உதவியாளப் பெண் மேடைக்குப் பின்னால் எனக்குப் போர்த்தப் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாளோடு அவளுடைய பணி நீட்டிப்பு முடிகிறது. கடவுச்சொற்களை யாரிடம் ஒப்படைப்பது என்று என்னிடம் கேட்டாள். தலைவரைக் கேட்கச் சொன்னேன். கேட்டாளாம். அடுத்த திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அவளே வைத்திருக்கட்டும் என்றாராம்.